மூன்றில் ஒரு பங்கில் முறிந்த உத்தரம்

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு,

நம் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு இனிமேல் தானாக மூடிக்கொள்ளாது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். முட்டுக்கொடுக்க ஒரு நாற்காலி நியமிக்கப்பட்டுள்ளது. மற்றபடி அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பத்து நாளாக நீ விடுதியில் இருந்துகொண்டு போனை எடுக்காததால் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா சாப்பிடாததால் அப்பாவும் தட்டைத் தள்ளிவிடுகிறார், மிச்சமெல்லாம் என் தலையில் விழுகிறது. தின்றுதின்றே களைத்துவிட்டேன். "நீயாவது அவளுக்கு நாலு வரி எழுதேன்டா" என்று அம்மா சொன்னதால் இந்தக் கடிதம்.

நேரில் பார்த்தவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ நேர்காணலுக்கு வெளியூர் போன அன்றுதான் சோதனைக்கூடத்தில் பாரம் ஏற்றிப் பார்க்கும் எந்திரம் காலியாக இருந்தது, அதை விட்டால் அடுத்த வருடம்தான் என்றார்கள், அதனால் ஆராய்ச்சிக்காக நீ பாடுபட்டுச் செய்து வீட்டில் வைத்துவிட்டுப் போன உத்தரத்தை நானும் அப்பாவும் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். பக்கத்து இருக்கைக்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். ஒரு முகம் பீங்கான், மறுமுகம் உலோகம், நடுவில் ஒட்டே கிடையாது, ஒன்று கொஞ்சங்கொஞ்சமாக இன்னொன்றாகிவிடும் என்று அப்பா விளக்கினார். மனிதருக்கு விளங்கவில்லை. நான் அப்பாவின் தலையைக் காட்டினேன்: காதோரம் அடர்த்தி, மேலே போகப்போக மெலிவு, உச்சியில் வெறும் பளபளப்பு, எங்கே மாறுகிறது என்று கோடு போட முடியாது. உடனே விளங்கிவிட்டது. அப்பா துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். போகட்டும். ஒரு கீறல், ஒரு சிராய்ப்பு இல்லாமல் அதைக் கொண்டு சேர்த்தவன் நான். இந்தக் குடும்பத்தில் பொறுப்பு என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்த ஒரே ஆள்.

எந்திரக்காரர் அதை இரண்டு தாங்கிகள்மேல் வைத்து நடுவில் மேலிருந்து அழுத்தினார். நீ கணக்குப் போட்ட பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும், டக்கென்று ஒரு சத்தம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, உங்க அக்கா இதை உத்தரம்னா சொன்னாங்க? பிஸ்கட் மாதிரில்ல போயிடுச்சு" என்றார். துண்டுகளை அதே போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தோம். அப்பா அதை மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் கணக்கில் தப்பு எங்கே என்று காட்டு, இல்லாவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடு என்று உன் பேராசிரியர் சொன்னாராமே. கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது, அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், எனக்கும் கேட்டது. "மூணு வருஷமும் வேஸ்ட்மா. எனக்கு இதெல்லாம் வராது போல." நிலைப்புத்தன்மை பற்றி ஆராய்ச்சி செய்கிற நீயே ஆட்டம் காணலாமா? இந்த வீட்டில் நிலையாக இருப்பது என் கணக்கு மார்க் ஒன்றுதான். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

அப்பாவின் ஆசியையும் அம்மாவின் பசியையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொறுப்புள்ள தம்பி

பி.கு.: "பொறுப்புள்ள" என்பதை அடித்துவிடு. அன்று புறப்படுவதற்கு முன்னால் அப்பா சோபாவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். உத்தரத்தில் நீ ஒட்டியிருந்த 'இந்தப் பக்கம் மேலே' சீட்டை உரித்து அவர் தொந்தியில் ஒட்டிப் படம் எடுத்தேன். படம் அருமையாக வந்தது. சீட்டைத் திருப்பி ஒட்டும்போதுதான் எந்த முகம் என்று தெரியவில்லை. சோதனையில் அது வளைவதைக் கேமரா அளப்பதற்காக நீ எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை பூசி, ஒரே மாதிரிக் கரும்புள்ளி வைத்திருந்தாய். கைக்கு வாகான பக்கத்தில் ஒட்டிவிட்டேன். பீங்கான் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது, மேலிருந்து அழுத்தினால் அடிப்பக்கம் இழுபடும், அதனால் பீங்கான் மேலேதான் இருக்கணும் என்று நீ சொன்னது நேற்றுதான் உறைத்தது. சீட்டு ஒட்டிய முகத்தைச் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் உலோகம் மின்னியது.

தலைகீழாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார். அந்த மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் உன் கணக்கில் தப்பில்லை அக்கா. தப்பு நான்தான். போனை எடு, திட்டுவதற்காவது.