பிரெஞ்சு ஹோட்டலில் பட்டினி

பெரம்பலூர்,
20.5.2003

மதிப்பிற்குரிய மச்சான் இராமலிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சாமிதுரை வணங்கி எழுதுவது. இங்கு நானும் ராசாத்தியும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அரியலூரில் தாங்களும் சம்பூர்ணம் அக்காவும் நலமாக இருக்கவும், தங்கள் சர்க்கரை ஏறாமல் இருக்கவும் பெருமாளை வேண்டுகிறோம்.

லீவுக்கு ஊர் சுற்றுவது போலப் பாண்டிச்சேரி போய், எங்கள் மகள் பாக்யலட்சுமி கட்டிக்கொள்ள ஆசைப்படும் கலைச்செல்வனை அவன் சமைக்கும் பிரெஞ்சு ஹோட்டலிலேயே, யாரென்று காட்டிக்கொள்ளாமல் பார்த்துவரச் சொன்னீர்கள். கரண்டி பிடிக்கிறவனுக்கா நம் பெண் என்று கோபப்பட்டு, கல்லங்குறிச்சிப் பெருமாள் பேரில் என்னிடம் சத்தியமும் வாங்கினீர்கள். "வூடோ கடையோ, எல்லாம் ஒண்ணுதான். அவன் செஞ்சத நம்ம குடும்பத்துல யாரு வாயில வச்சாலும் சம்மதம் சொன்ன மாரிதான். கை நனைக்காம வாங்க" என்றீர்கள்.

பத்து நாளைக்கு முன் போய்வந்தோம். கை நனைக்கவில்லை மச்சான். ஆனால் ஹோட்டலில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எப்படி இருப்பது? அட்டையில் எழுதியிருந்தது ஒன்றும் புரியாமல் ஏதோ ஒரு இடத்தில் விரலை வைத்தேன், வெங்காய சூப் வந்தது, மேலே ரொட்டி மிதந்தது, காலையிலிருந்து பஸ்ஸில் காய்ந்து வந்த வயிறு அந்த வாசனைக்கே சத்தம் போட்டது, ராசாத்தி மேசைக்குக் கீழே என் காலை மிதித்துச் சத்தியத்தை நினைவுபடுத்தினாள். தொடாமல் இருப்பதைப் பார்த்த சர்வர் "சூடு பத்தலைங்களா?" என்று உள்ளே கொண்டுபோய் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தார், அதையும் தொடவில்லை, பிறகு கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட ஒரு கூட்டு வந்தது, "உப்பு கம்மிங்களா?" என்றார், வேறு வழியில்லாமல் தலையாட்டினேன், அதையும் புதிதாகச் செய்துகொண்டு வந்துவிட்டார்கள். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் சமைத்தவனே வந்து நின்றான். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன குறைன்னு சொல்லுங்கய்யா, மாத்திப் பண்றேன்" என்றான். முகமெல்லாம் வேர்வை. அப்போதுதான் ராசாத்தியை நிமிர்ந்து பார்த்தான்.

"பாக்யத்தோட கண்ணு அப்படியே அம்மாவுக்கு" என்றான். பிறகு மெதுவாக, "நீங்க சாப்பிட வேணாங்க. எல்லாம் பேசி முடிச்சாத்தான் கை நனைப்பீங்கன்னு பாக்யம் சொல்லியிருக்கு" என்று தட்டுகளை அவனே எடுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்ற வண்டிக்காரரிடம் இரண்டு இளநீர் வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே சீவச் சொல்லிக் கொடுத்தான். "இது நான் செஞ்சதில்லங்க, மரம் செஞ்சது. குடிங்க."

குடித்தோம். இதற்குத் தாங்கள் கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டி, "உங்களுக்கில்லீங்க, ஊர்ல வேற யாருக்காச்சும் குடுங்க" என்றான். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ராசாத்திதான் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். இனித் தங்கள் சொல்தான் முடிவு. வேண்டாம் என்றால் பாக்யத்திடம் நானே சொல்லிவிடுகிறேன். எந்த வாயால் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது மச்சான்.

அக்காவுக்கு எங்கள் விசாரிப்பு. தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
சாமிதுரை

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது ராசாத்தி சிரித்தாள். போன வாரம் இங்கே டாக்டரைப் பார்க்க வந்த சம்பூர்ணம் அக்கா கையில் அந்த டப்பாவைத் தங்களுக்குத்தான் கொடுத்தனுப்பினாளாம். உள்ளே சிப்பி மாதிரி குட்டிக் குட்டி கேக்காம். பெரம்பலூர் பேக்கரியில் இவ்வளவு பக்குவமாகக்கூடச் செய்கிறார்களா என்று வியந்து, சர்க்கரையை மறந்து தாங்கள் ஆறு தின்றதாக அக்கா போனில் சொன்னார்களாம். நம் குடும்பத்தில் யார் வாயில் வைத்தாலும் என்று சொன்னவர் தாங்கள்தான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நல்ல நாள் பாருங்கள். அந்த டப்பா மாப்பிள்ளையுடையது, வெறுமனே திருப்பித் தரக் கூடாது. வெற்றிலை பாக்கு வைத்துத் தாங்களே எடுத்து வாருங்கள்.