மருமகன் பூ

கலியாணம் முடித்து மாமி வீட்டில் குடியேறும் மருமகனுக்கு முதல் சில மாதங்களில் ஒரேயொரு கடமைதான் உண்டு. வைத்ததைச் சாப்பிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பது. அதை ஒழுங்காகச் செய்த மருமகன்மார் எங்கள் மாம்புரியில் இன்றும் மரியாதையோடு நடமாடுகிறார்கள். நான் இரண்டாவது மாதமே எழும்பிப் போய் மாமியின் கணினியில் கை வைத்தேன்.

(யாரும் என்னை எழும்பச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

மாமிக்குக் கணினி பொழுதுபோக்குச் சாமான் அல்ல. முன் அறையில் அவருடைய எம்ப்ரொய்டரி மெஷின் நிற்கிறது. பூவையும் கொடியையும் மாமியே கணினியில் வரைவார். பிறகு அதைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினால், ஊசி தானாக ஓடி அந்தப் பூவைத் துணியில் தைத்துவிடும். கற்பிட்டியிலிருந்து மதுரங்குளி வரை எத்தனையோ மணப்பெண்களின் தலையில் மாமியின் பூ ஏறியிருக்கிறது.

அந்தக் கணினி கொஞ்ச நாளாக ஒரு அறிவித்தலைக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு இல்லையாம், புதியதற்கு மாற வேண்டுமாம்.

"மகன், இது என்னமோ பாதுகாப்பு இல்லண்டு சொல்லுது. கள்ளன் கிள்ளன் வருவானா?" என்று மாமி கேட்டார்.

நான் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர். என்னிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் நாற்பது நிமிடப் பாடமாகத்தான் பதில் வரும். இரண்டு வழிகள் இருக்கின்றன என்று விளக்கினேன். ஒன்று, இருக்கிற ஆட்களையும் சாமான்களையும் அப்படியே வைத்துக்கொண்டு வீட்டின் கூரை ஓட்டை மட்டும் மாற்றுவது போல, பழையதின் மேலேயே புதியதை ஏற்றுவது. மற்றது, வீட்டை அடியோடு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது போல, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது.

மாமி யோசிக்கவே இல்லை. "ஆக்கள எழுப்பாம ஓட்ட மட்டும் மாத்துங்க, மகன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும், மாமியும் மாமாவும் நூல் வாங்க மதுரங்குளிக்குப் போனார்கள். எத்தாளையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணம். மணப்பெண்ணின் முக்காடு மெஷினில் பாதி தைத்தபடி கிடந்தது. வலப்பக்கக் கரை முழுவதும் ஐந்து இதழ்ப் பூக்கள். இடப்பக்கம் வெறும் துணி. தங்க நிற நூல் முடிந்துபோனதால்தான் அந்தப் பயணம். அவர்கள் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து அசத்திவிடலாம் என்று நான் கணினிக்கு முன்னால் அமர்ந்தேன்.

மாமி சொன்னபடியே ஓட்டை மாற்றத்தான் தொடங்கினேன். அது ஓடியது, நின்றது, யோசித்தது, மறுபடி ஓடியது. முக்கால்வாசி போனதும், இடம் போதவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பழைய நிலைக்கே வந்து நின்றது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் அதே கதை. என் சேர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"முடிஞ்சா?" என்று குசினியிலிருந்து மனைவி பஸ்லியா கேட்டாள்.

"முடியப் போகுது."

அவர்களுடைய முச்சக்கரவண்டி எந்த நேரமும் வாசலில் வந்து நிற்கலாம். அசட்டுத் துணிச்சல் எனக்கு அப்போதுதான் வந்தது. இடித்தே கட்டிவிட்டால் என்ன? சாமான்களைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்துவிட்டால் இடித்தது யாருக்குத் தெரியப் போகிறது?

"பஸ்லியா, மாமிட பூவெல்லாம் எங்க இரிக்கி?"

"முன்னுக்கே இரிக்கே. 'பூ' எண்டு எழுதின மஞ்சள் ஃபோல்டர். உம்மா அதத்தானே எப்பவும் தட்டுறாங்க. என்னத்துக்குக் கேக்குறீங்க? ஒண்டையும் அழிச்சிராதீங்க!"

"அழிப்பேனா? நான் யாரு?"

திரையில் இருந்த அத்தனையையும், 'பூ' உட்பட, என்னுடைய வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இந்தப் பழைய கணினியில் இப்படி ஒரு வேகமா என்று மெச்சிக்கொண்டேன். (மெச்சிய வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.) அந்த மஞ்சள் ஃபோல்டரின் கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அம்பு இருந்தால் அது ஃபோல்டர் அல்ல, ஃபோல்டர் வேறெங்கோ இருக்கிறது என்று வழிகாட்டும் குறுக்குவழி மட்டும்தான் என்பதைப் பத்தாம் வகுப்புக்கு நான் வருடா வருடம் படிப்பிக்கிறேன். கேள்வி கேட்டு, கையைத் தூக்கச் சொல்லி, படம் வரைந்து படிப்பிக்கிறேன்.

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கணினி கேட்டது. பிஸ்மி சொல்லிச் சம்மதித்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வந்தபோது திரை கழுவித் துடைத்த பீங்கான் போலப் பளபளத்தது. எம்ப்ரொய்டரி புரோகிராமின் சீடி அலுமாரியில் இருந்ததால் அதையும் போட்டு முடித்திருந்தேன். 'பூ'வும் பழைய இடத்திலேயே இருந்தது.

"மாஷா அல்லாஹ்! புதுசு மாதிரியே இரிக்கி," என்றார் மாமி. மாமா என் தோளில் தட்டினார். வாழ்க்கையில் சில நிமிடங்கள் அப்படியே நின்றுவிட வேண்டும் என்று தோன்றும். அது அப்படி ஒரு நிமிடம்.

மாமி கதிரையை இழுத்துப்போட்டு 'பூ'வைத் தட்டினார். நீங்கள் தேடுவது இடம் மாறிவிட்டது அல்லது இல்லாமல் போய்விட்டது என்று கணினி சொன்னது. இன்னொரு முறை தட்டினார். அதே பதில்.

"மகன், பூ எங்க?"

நான் குனிந்து பார்த்தேன். அம்பு தெரிந்தது.

ஃபோல்டர் புரோகிராமின் அடியில் எங்கோ இருந்திருக்கிறது. நான் வழிப்பலகையைப் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டு ஊரை இடித்திருக்கிறேன். மெஷினில் செருகியிருந்த பென் டிரைவையும், புதிய விண்டோஸை ஏற்றுவதற்காக நானே அழித்திருந்தேன். இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஏதேதோ கதைத்தேன். மாமிக்கு ஒரு வசனத்திலேயே விளங்கிவிட்டது.

"ஆக்களையும் எழுப்பிட்டீங்க."

"ஓம், மாமி."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மாமி ஏசவில்லை. பாதி முக்காட்டைக் கையில் எடுத்து, தைத்த பக்கத்தைப் பார்த்தார், தைக்காத பக்கத்தைப் பார்த்தார், மடித்து வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதில் சீனி இல்லை. மறந்தாரா, தண்டனையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் உம்மா ஹைருன் தாத்தா போன் எடுத்தார். (எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா, ராத்தா என்போம்.) நாளைக்குப் பின்னேரம் வந்து முக்காட்டை எடுக்கலாமா என்று கேட்டார். "இன்ஷா அல்லாஹ்," என்றார் மாமி, என்னைப் பார்த்தபடி.

அழித்த ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக ஏதும் எழுதப்படாத இடங்களில் பழைய கோப்புகளின் தடயம் இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில் அதைக் கழற்றி என் மடிக்கணினியோடு பொருத்தி, மீட்டெடுக்கும் புரோகிராம் ஒன்றை ஓட விட்டேன். அது எறும்பு சீனி சுமப்பது போல ஊர்ந்தது.

சனிக்கிழமை காலையில் கோப்புகள் வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். மாமி, மாமா, பஸ்லியா மூன்று பேரும் என் பின்னால் நின்றார்கள். முதலில் படங்கள் வந்தன. மாமி எப்போதோ அழித்துவிட்ட படங்களையும் அந்தப் புரோகிராம் விடாமல் தோண்டி எடுத்திருந்தது.

முதல் படத்தில் தாடி வைத்த ஒரு வாலிபர். அடுத்ததில் தாடி இல்லாத ஒருவர். அதற்கடுத்ததில் ஏதோ வெளிநாட்டில் வெள்ளைக் கார் ஒன்றில் சாய்ந்து நின்ற ஒருவர்.

"இவங்கெல்லாம் யாரு?" என்று கேட்டேன்.

பஸ்லியா திடீரென்று உலையைப் பார்க்கக் குசினிக்குப் போனாள். (உலை வைத்திருக்கவே இல்லை.) அவளுக்குப் பேசி வந்த மாப்பிள்ளைகள் என்று எனக்கு விளங்கியபோது, மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"இந்தப் பொடியன்ட முகத்தில நல்ல களை. ஏன் வேணாமெண்டு சொன்ன?"

"தூரமெண்டு," என்றார் மாமி.

"இவருக்கு கொம்பியூட்டர் தெரியுமா?"

"ஒண்டும் தெரியாது."

"அப்ப நல்லம்தானே," என்றார் மாமா.

நான் தலையைத் தூக்காமல் அடுத்த கோப்பைத் திறந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அது ஒரு பூ.

அதன் பிறகு பூக்களாக வந்தன. பெயர் இல்லாவிட்டால் என்ன, மாமிக்கு ஒவ்வொன்றின் சொந்தக்காரியும் தெரியும். "இது முல்லைக்கொடி, கற்பிட்டி டீச்சர்ட மகளுக்குப் போட்டது. இது மயில், அந்தப் புள்ளைக்கு இப்ப ரெண்டு புள்ள." சிலது திறக்கவே மறுத்தன. அந்த எத்தாளைப் பூ மட்டும் வரவில்லை. மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் மாமி என் கையைப் பிடித்தார்.

"நில்லுங்க. இதுதான்."

அதேதான். ஆனால் முழுதாக இல்லை. கோப்பின் வால்பகுதி சிதைந்திருந்தது. பூவில் நான்கு இதழ்கள் இருந்தன. ஐந்தாவது இதழ் தொடங்கிய இடத்தில் ஒரு கோடு மட்டும் சுருண்டு மேலே போயிருந்தது. தைத்துப் பார்ப்பதற்குப் பழைய துணி தேடினார்கள். பஸ்லியா அலுமாரியிலிருந்து, கலியாணத்துக்கு நான் இடுப்பில் உடுத்த சாரனைக் கொண்டு வந்து தந்தாள். அது பழையது அல்ல என்று சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை. ஊசி ஓடியது. நான்கு இதழ், ஒரு சுருள்.

"அஞ்சாவது இதழக் கீறுறதுக்கு இனி நேரமில்ல," என்றார் மாமி.

ஹைருன் தாத்தா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஏதாவது ஒரு பொய் சொல்வோம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். மாமி நடந்ததை அப்படியே சொல்லி, சாரனையும் விரித்துக் காட்டினார். ஹைருன் தாத்தா நெற்றியில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "நாளைக்குக் கலியாணம், ராத்தா! ஒரு பக்கம் அஞ்சு, ஒரு பக்கம் நாலெண்டா சனம் என்ன சொல்லும்?" கண்கலங்கிய அந்த மனுஷியைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஓட்டை மாற்றுவது, வீட்டை இடிப்பது என்று வாய் கிழியப் பேசிய ஆசிரியர் சுவரோடு சுவராக நின்றார்.

கடைசியில் மணப்பெண்ணிடமே கேட்போம் என்று வீடியோ கோல் எடுத்தார்கள். அவள் முக்காட்டின் தைத்த பக்கத்தைப் பார்த்தாள், சாரனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் மருமகன் உத்தியோகம் மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உம்மா, அந்தச் சுருள் காத்துல ஆடுற மாதிரி இரிக்கி. எனக்கு அதுதான் வடிவு. மத்தப் பக்கத்த அப்படியே தைக்கச் சொல்லுங்க."

மெஷின் ஓடத் தொடங்கியது. அன்றைக்குக் கடல் பக்கமிருந்து பலத்த காற்று. காற்றடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் போவது வழக்கம். நாங்கள் ஐந்து பேரும் ஊசியைப் பார்க்கவில்லை, கூரையில் தொங்கிய பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிச் சுருள் விழுந்தது. பல்பு அணையவில்லை.

கலியாண வீட்டில் பெண்கள் அந்த முக்காட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்களாம். அடுத்த மாதம் ஒருவர் வந்து, எத்தாளைப் பொண்ணுக்குப் போட்ட, இதழ் குறைந்த பூ வேண்டும் என்று கேட்டார். இன்று அது மாமியிடம் அதிகம் விலைபோகும் பூக்களில் ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் 'மருமகன் பூ'. ஏன் அந்தப் பெயர் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மாமி தொடக்கத்திலிருந்து சொல்வார். நான் வீட்டில் இருந்தால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்வார். மாப்பிள்ளைப் படங்கள் வரும் இடத்தை மாமா வந்து சொல்லிவிட்டுப் போவார்.

போன மாதம் அந்தக் கணினி மறுபடி அறிவித்தல் காட்டியது, இன்னொரு புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பாடசாலைக்குப் போய்விட்டேன். இரண்டாவது பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது போனில் மாமியின் குரல்பதிவு ஒன்று இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருப்பதை மறந்து சத்தமாகவே போட்டுவிட்டேன்.

"மகன், ஓட்ட மட்டும் நானே மாத்திட்டேன். எல்லாப் பூவும் இரிக்கி. நீங்க இப்ப வீட்டுக்கு வரலாம்."