ராசம்மாவை மூன்று மணிக்கு நிறுத்துகிறோம்

உயிரோடு இருந்த ஒரு மனுசிக்கு நான் செத்தவீடு வைத்தேன் என்று கிளிநொச்சியில் ஒரு கதை இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக மறுத்து வருகிறேன். ஒருவரும் கேட்பதாயில்லை. சரி, எழுதியே வைக்கிறேன். நான் அறிவித்தது ஒரு இரும்புப் பெட்டியின் முடிவை. அதுவும் முறைப்படி, முன்கூட்டியே, பாடத்தில் சொல்லித் தந்தபடி. அதை வாசித்துவிட்டுப் பந்தல் போட்டது மற்றவர்கள். ஆனால் குற்றவாளி நான் மட்டும்!

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வியாபார நிலையங்களில் சேர்வர்களைத் திட்டமிட்டு அமைக்கவும் பராமரிக்கவும் புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் ஆறு மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தேன். (சேர்வர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு அலுவலகத்தின் எல்லாக் கொம்பியூட்டர்களுக்கும் பொதுவான அலுமாரி, அவ்வளவுதான்.) நாலு மாதம் வகுப்பு, கடைசி இரண்டு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் நேரடி வேலை. முடிவில் அந்த முதலாளி மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. வவுனியாவில் ஒரு கம்பனி, சான்றிதழோடு வந்தால் அடுத்த மாதமே வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தது. ஆகவே அந்த ஒரு கையெழுத்தில்தான் என் சீவியமே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் படிப்பித்த சேர் சட்டதிட்டமான மனுசன். சேர்வருக்கு வைக்கும் பெயர் சின்னதாக, எழுத்துக்கூட்டச் சுகமாக, ஒருவரும் மறக்காததாக இருக்கவேண்டும் என்பார். சேர்வரை நிறுத்துவதானால் எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பார். "அறிவித்தல் சுருக்கமா இருக்கவேணும் பிள்ளையள். தொழில்நுட்பம் ஒண்டும் எழுதாதேங்கோ, சனத்துக்கு விளங்காது" என்பார். சேர்வர் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பார். இந்த நாலையும் நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். அதனால்தான் அழிந்தேன். ஒன்றையாவது மீறியிருந்தால் இன்று மரியாதையோடு இருந்திருப்பேன்.

என்னை அனுப்பியது பட்டணத்துக்கு வெளியே இருந்த ஒரு அரிசி ஆலைக்கு. அங்கே ஆறு வருடம் உழைத்த ஒரு சேர்வர், பழைய சாக்கு அறைக்குள், பெயர்கூட இல்லாமல் கிடந்தது. முதலாளி இரண்டு வசனம் கதைத்தால் ஒன்றில் அவரின் அம்மா வந்துவிடுவா. "அம்மாட்டைக் கேக்கவேணும்", "அம்மா சொன்னவா". வட்டக்கச்சியில் இருந்த அந்த அம்மாவின் பெயர் ராசம்மா. சின்னப் பெயர், எழுத்துக்கூட்டச் சுகம், ஒருவரும் மறக்கமாட்டார்கள். கையெழுத்தும் கொஞ்சம் கெதியாக வரும் என்று நினைத்து (ஓம், நினைத்தேன், மறைக்கவில்லை) சேர்வருக்கு ராசம்மா என்று பெயர் வைத்தேன். முதலாளிக்குப் பெருமை. அலுவலகத்தில் இருந்த மூன்று பேரும் ஒரு கிழமை சிரித்துவிட்டு, பிறகு "ராசம்மாவுக்குள்ளை போய்ப் பாருங்கோ", "ராசம்மா இண்டைக்குச் சரியான மெதுவு" என்று பழகிவிட்டார்கள்.

பயிற்சி முடியப் பத்து நாள் இருக்கும்போது ராசம்மாவின் ஹாட் டிஸ்க் கறகறவென்று சத்தம் போடத் தொடங்கியது. அது சாகப்போகும் சத்தம். புதுச் சேர்வர் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழையதை நிறுத்துவது என்று திட்டம் போட்டேன். பிறகு ஆலையின் வைபர் குழுவில் இந்த அறிவித்தலைப் போட்டேன். ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்:

"அனைவருக்கும் அறிவித்தல். ராசம்மாவின் நிலைமை மிகவும் மோசம். இனித் தாங்காது. இன்று பின்னேரம் 3 மணிக்கு நிறுத்துகிறோம். அதற்கு முன் ராசம்மாவிடமிருந்து எடுக்கவேண்டியதை எல்லோரும் எடுத்துக்கொள்ளவும். பிறகு ஒன்றும் எடுக்க முடியாது. புதியது திங்கட்கிழமை வரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

சுருக்கம், தெளிவு, பணிவு. என்ன பிழை இதில்?

போட்டுவிட்டு, விதிப்படி கைபேசியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். சேர்வர் அறைக்குள் போய்ப் பிரதி எடுக்கத் தொடங்கினேன்.

அந்த வைபர் குழுவில் அலுவலகத்தார் மூன்று பேர் மட்டுமா இருந்தார்கள்? நெல் அவிக்கிறவர்கள், லொறிச் சாரதிகள், முதலாளியின் மச்சான்மார், கனடாவில் இருந்த தங்கச்சி எல்லோரும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரேயொரு ராசம்மாதான். அந்த ராசம்மாவை அன்று விடியத்தான் முதலாளி கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் "மோசம் போனார்" என்றால் செத்துப்போனார் என்று அர்த்தம். நான் "நிலைமை மோசம்" என்று எழுதினேன். அது அவித்த நெல் காயப்போடும் தளத்தைக் கடப்பதற்குள் "ராசம்மா மோசம்" ஆகி, கேற்றடிக்குப் போகும்போது "ராசம்மா மோசம் போட்டா" ஆகிவிட்டது. யாரோ முதலாளிக்கு அழைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். "போனை நிப்பாட்டிப் போட்டார். அப்ப உண்மைதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆராய்ச்சி அத்தோடு சரி!

நான் உள்ளே பிரதியில் பாதியைத் தாண்டியிருந்தேன். திடீரென்று ஆலையின் இரைச்சல் நின்றது. விளக்கு அணைந்தது. சேர்வருக்குக் கீழே இருந்த யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தியது. அதன் பற்றரி தாங்குவது ஏழெட்டு நிமிடம்தான். எனக்கு உச்சி குளிரக் கோபம் வந்தது என்று சொன்னால் பிழை, உச்சி கொதித்தது. வெளியே பாய்ந்தேன்.

"ஆர் மெயினை விழுத்தினது?"

ஆலை மேற்பார்வை செல்வம் அண்ணை மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில், தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

"நான்தான் பிள்ளை. வீட்டிலை சாவு விழுந்தால் ஆலை ஓடக்கூடாது. அம்மா மோசம் போட்டா."

"எந்த அம்மா?"

"எந்த அம்மாவோ? முதலாளியின்ரை அம்மா! ராசம்மா அம்மா!"

இனி வருவதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. நானும் நம்பினேன்! நம்பி, கேற்றடியில் நின்று விக்கி விக்கி அழுதேன். "நேற்றும் எனக்கு மோதகம் குடுத்துவிட்டவா அண்ணை!" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். யூபிஎஸ் உள்ளே கத்திக்கொண்டிருந்தது. ஒரு மனுசி செத்துக்கிடக்க டிஸ்க்கைப் பார்ப்பதா என்று, எல்லோரோடும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வட்டக்கச்சிக்குப் போனேன்.

அங்கே பாதிச் செத்தவீடு முடிந்திருந்தது. வாசலில் வெள்ளைக்கொடி. பந்தலுக்குத் தடி நட்டாயிற்று. வாடகைக் கதிரை நூறு வந்து இறங்கியிருந்தது. அயல் வீட்டில் எல்லோருக்கும் சமையல். நான் சும்மா நிற்பேனா? கதிரைகளை விரித்து வரிசையாக அடுக்கினேன். வந்தவர்களுக்குச் சோடா கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்த ஒரு அக்காவிடம், "என்ன நடந்ததாம் அக்கா?" என்று கேட்டேன்.

"மெசினிலை வைச்சிருக்கினமாம் தங்கச்சி. மூண்டு மணிக்கு நிப்பாட்டப் போயினமாம். அதுக்கிடையிலை காப்பு, சங்கிலி எடுக்கிற ஆக்கள் எடுக்கட்டாம். கொஞ்சமும் ஈவிரக்கம் இல்லாமல் வைபரிலை போட்டிருக்கினம்!"

"ஐயோ, ஆர் அப்பிடிப் போட்டது?"

"ஆரோ ஒபிசிலை பழக வந்த பெட்டையாம். விளங்குவாளே அவள்?"

சோடாத் தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். ஓடலாம் என்றால் உழவு இயந்திரம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் வாகனம் வந்து நின்றது. ஆனையிறவைத் தாண்டும்போது கைபேசியைத் திறந்திருக்கிறார், நூற்றுக்கும் மேல் அழைப்பு. முகம் கறுத்து இறங்கினார். பின்கதவு திறந்தது. ஒரு கண்ணில் கட்டு, அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடி, கையில் மருந்துப் பையோடு ராசம்மா அம்மா இறங்கினா. இரண்டு பெண்கள் குழறிக்கொண்டு குசினிக்குள் ஓடினார்கள்.

"ஆற்றை செத்தவீடு?" என்று அம்மா கேட்டா.

செல்வம் அண்ணைதான் மெதுவாக, "உங்கடைதான் அம்மா" என்றார்.

முதலாளி நேராக என்னிடம் வந்தார். "நீரோ உதை எழுதினது?"

"ஓம் முதலாளி. ஆனா அது சேர்வரைப் பற்றி. வடிவா வாசிச்சுப் பாருங்கோ. 'தாங்காது' எண்டுதான் போட்டனான். 'தாங்கமாட்டா' எண்டு போடேல்லை. நான் அஃறிணையிலைதான் எழுதினனான்!"

அவ்வளவு சனத்துக்கும் நடுவில் இலக்கணம் என்னைக் காப்பாற்றும் என்று உண்மையாகவே நம்பினேன்.

"என்ரை அம்மா உமக்கு அஃறிணையோ?" என்று அவர் கத்தியது இரணைமடு வரைக்கும் கேட்டிருக்கும். "நாளையிலையிருந்து ஆலைப் பக்கம் வரவேண்டாம். கையெழுத்தும் இல்லை, ஒண்டும் இல்லை."

ராசம்மா அம்மா இதற்கிடையில் என் வரிசையில் முதல் கதிரையில் அமர்ந்து, தன் செத்தவீட்டுச் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தா. என்னைக் கை காட்டிக் கூப்பிட்டா.

"திங்கக்கிழமை வாறது ஆர்?"

"புதுச் சேர்வர் அம்மா."

"அதுக்கும் என்ரை பேரோ?"

"ஓம்."

"பழசு எத்தினை வருசம் உழைச்சது?"

"ஆறு."

"ஆறு வருசத்திலை இழுக்கத் தொடங்கிட்டுதோ? எனக்கு எழுபத்தொண்டு" என்றா. பிறகு சனத்தை ஒற்றைக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்து, "முள்ளியவளையிலை இருந்து என்ரை தங்கச்சி வரேல்லையோ?" என்று கேட்டா. பஸ் கிடைக்கவில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். "என்ரை செத்தவீட்டுக்கும் பஸ் இல்லையோ அவளுக்கு!" என்று அம்மாவுக்கு வந்த கோபத்தில், என் மேல் கோபப்பட்டவர்களே என்னை மறந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை, வரவேண்டாம் என்று சொன்ன ஆலைக்கு வெட்கத்தை விட்டுப் போனேன். பழைய ராசம்மா மின்சாரம் அறுந்த இடத்தில் உண்மையாகவே செத்துக்கிடந்தது. நான் அறிவித்தது மூன்று மணிக்கு, செல்வம் அண்ணை அனுப்பிவைத்தது பதினொரு மணிக்கு. ஆனால் அறிவித்தல் போட்டதற்கு முதல்நாள் பின்னேரமே ஒரு முழுப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஒரு காலை வேலையைத் தவிர ஒன்றும் தொலையவில்லை. இதற்கு யாராவது ஒரு நன்றி சொன்னார்களா? ம்ஹூம். பிரதி எடுத்தவளை ஊர் பேசாது, செத்தவீடு வைத்தவளைத்தான் பேசும்.

கையெழுத்து வேறு வழியாக வந்தது. முதலாளியின் கனடாத் தங்கச்சி செய்தியைக் கண்டதும் விமான ரிக்கெற் போட்டுவிட்டாவாம். பிறகு அம்மா உயிரோடு இருக்கிறா என்று தெரிந்தும், ரிக்கெற்றைத் திருப்ப ஏலாது என்று வந்து இறங்கினா. ஒன்பது வருடத்துக்குப் பிறகு! ராசம்மா அம்மா என்னை வீட்டுக்கு அழைப்பித்து, முதலாளியை முன்னால் இருத்தினா.

"ஒன்பது வருசமா வாறன் வாறன் எண்டு போனிலை சொன்னவள். நான் செத்த உடனை வந்திட்டாள். இந்தப் பிள்ளை எழுதாட்டி இவளைக் காணாமலே உண்மையா செத்திருப்பன். கையெழுத்தை வை."

அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்தது. மகள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தா. நானும் அழுதேன். அன்று நான் அழுதது மட்டும் சரியான ஆளுக்காக.

முதலாளி மறுபேச்சில்லாமல் படிவத்தை வாங்கினார். தொழில்நுட்ப அறிவு: நன்று. நேரம் தவறாமை: நன்று. அதற்குக் கீழே படிவத்தில் ஒன்றும் இல்லை. அவர் அடிமட்டம் எடுத்து, புதிதாக ஒரு கோடு கீறி, தானே ஒரு வரியை உண்டாக்கி எழுதினார். தமிழ்: போதாது.

உயர்தரத்தில் தமிழுக்கு 'ஏ' எடுத்தவள் நான்! அந்தத் தாளைக் கொடுத்துத்தான் வவுனியாவில் வேலை எடுத்தேன். நேர்முகத்தில் மூன்று பேரும் முதலில் வாசித்தது அந்த வரியை. இப்போது நானே புதியவர்களைப் பழக்குகிறேன், என் வகுப்பில் சேர்வருக்கு இலக்கம் மட்டும்தான், பெயர் கிடையாது. வீட்டில் கரண்ட் போனால் என் மனுசன் பெருமூச்சு விட்டு, "ஆர் மோசம்?" என்று கேட்பார். ராசம்மா அம்மா இப்போதும் கல்லுப்போல இருக்கிறா. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், "என்ரை செத்தவீட்டை வடிவாச் செய்த பிள்ளை" என்று அறிமுகப்படுத்துவா.

போன மாதம் என் மகள் தவணைப் பரீட்சையில் தமிழுக்கு நாற்பத்தெட்டுப் புள்ளி கொண்டுவந்தாள். "வெக்கமில்லையோ உனக்கு?" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அவள் அலுமாரியைத் திறந்தாள், என் ஃபைலை எடுத்தாள், அந்தத் தாளை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"எனக்கு நாப்பத்தெட்டெண்டாலும் போட்டவை அம்மா."