பத்தொன்பது மணி பத்து நிமிஷம்

சிவப்பு விளக்கில் நான் நிற்கவில்லை. உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விசாரணையில் ஒப்புக்கொள்ளவில்லை, வீட்டில் நானாக ஒப்புக்கொள்ளவே இல்லை. நின்றிருக்கலாம். ஒரு நிமிஷம் நின்றால் குடி முழுகிப் போகாது. ஆனால் ஒரு நாளைக்கு எனக்கென்று இருந்ததே ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு நிமிஷத்தை சிக்னலுக்குத் தானம் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் இருக்குமே, பிரிக்காமலேயே தூக்கிப் போடுவீர்களே, அதை ஒரு எழுத்து விடாமல் படிப்பது என் பிழைப்பு. குமட்டல், வாந்தி, தலைசுற்றல், அரிப்பு. இருபத்தோரு வருஷமாக இதே பாராயணம். ஒரு புள்ளி இடம் மாறினால் எங்கேயோ ஒரு ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் தப்பைக் கண்டால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். வீட்டில் பேனா தேவையில்லை, வாயே போதும். "நேத்து நாலு பேர் வந்திருந்தாங்க" என்று மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால், உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருக்கும் நான் நுரையோடு ஓடிவந்து "மூணு பேர்" என்பேன். பதினாறு வருஷமாக இப்படித்தான்.

ஆபீஸ் ஐந்து மணிக்கு முடியும். ஆறரைக்கு முடியும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு. வேர்க்கடலை ஒரு பொட்டலம். எதிரே தண்ணீர். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு போர்டு தெரியாது, ஒரு சுவரொட்டி தெரியாது, திருத்துவதற்கு ஒரு எழுத்து கிடையாது. கடலைப் பொட்டலத்தின் காகிதத்தைக்கூடக் கசக்கிப் பையில் போட்டுக்கொள்வேன். அந்த நேரம்தான் எனக்கு உயிர். வேறு என்ன சொல்ல.

அதே நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். தினமும் சாயங்காலம் மாடி வராந்தாவில் இருநூறு அடி நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பா ஒவ்வோர் அடியையும் உரக்க எண்ணிக்கொண்டேதான் நடப்பார். நடுவில் யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அதே நேரத்தில் என் மகள் கணக்கு நோட்டோடு உட்காருவாள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழுவாள். இந்த இரண்டையும் என் மனைவி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். எனக்குத்தான் ஆபீஸில் வேலை ஆயிற்றே. கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை ஏரிக்கரை சிக்னலில் மாட்டினேன்.

"ஓரமா நிறுத்துங்க. சிவப்பைப் பார்க்கலையா?" என்றார் போலீஸ்காரர்.

"பார்த்தேன் சார்."

"பார்த்துட்டுமா வந்தீங்க?"

"சைக்கிள்தானே சார்."

"சைக்கிளுக்குன்னு தனியா வேற கலர்லயா விளக்கு போடுவாங்க?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். இரண்டாவது முறை என்றால் சைக்கிள்காரர்களுக்கான சாலைப் பாதுகாப்பு வகுப்பு. பன்னிரண்டு நாள். மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. என் உயிரையே கேட்டுவிட்டார் மனுஷன். சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். நான் படிக்கக்கூட இல்லை. படிக்காமல் நான் மடித்து வைத்த முதல் காகிதம் அதுதான்.

மறுநாள் துணி துவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து மனைவி அதை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"அது ஒண்ணுமில்ல. ஒரு சின்ன சிக்னல்."

"வியாழக்கிழமை, பத்தொன்பது மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கு. அப்படின்னா ஏழு பத்து. ஏழு பத்துக்கு நீங்க வீட்ல இருந்தீங்களே? வெங்காயம் உரிச்சுக் கொடுத்தீங்களே?"

பிடுங்கிப் பார்த்தேன். ஐந்து பத்துக்குப் பிடித்தவர், பதினேழு பத்து என்று எழுதுவதற்குப் பதிலாகப் பத்தொன்பது பத்து என்று எழுதியிருக்கிறார். அரசாங்கக் காகிதத்தில் பச்சையாக ஒரு தப்பு! எனக்கு ரத்தமே சூடாகிவிட்டது. அந்தத் தப்பு என்னைக் காப்பாற்ற வந்த தப்பு என்பது அடுத்த நொடியில் உறைத்தது. சீட்டில் இருக்கும் நேரம் பொய். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தது நிஜம். அதற்குச் சாட்சி எதிரிலேயே ஈரக் கையோடு நிற்கிறது.

"விடப் போறதில்ல. விசாரணைக்குப் போறேன். நீ வந்து சாட்சி சொல்லு."

"பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன்."

"பொய் எதுக்கு? ஏழு பத்துக்கு வீட்ல வெங்காயம் உரிச்சார்னு சொன்னாப் போதும். சத்தியமான உண்மை."

"அது சரி. ஆனா ஏரிக்கரை சிக்னல்னு போட்டிருக்கே. நீங்க அங்க எதுக்குப் போனீங்க?"

"வர வழியிலதான். கொஞ்சம் சுத்து."

"ஓ" என்றாள்.

வக்கீல் குறுக்கு விசாரணையைத் தாங்கலாம். என் மனைவியின் "ஓ"வைத் தாங்க முடியாது. ஆனால் அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன். என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவே இல்லை.

அடுத்த பத்து நாளும் அவள் அவ்வளவு கரிசனம். "அவங்களைச் சும்மா விடாதீங்க" என்றாள். என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அன்றைக்கு நான் உரித்தது எத்தனை வெங்காயம் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். "ஆறு வெங்காயம்தானே?" என்றாள். "அஞ்சு" என்றேன். "பாருங்க, நான் தப்பாச் சொன்னா உடனே வந்துடுது உங்களுக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒத்திகை நடந்தது எனக்குத்தான் என்பது அப்போது தெரியவில்லை.

விசாரணை ஒரு இரண்டாம் மாடி அறையில். சுவரோரம் வரிசையாகச் சைக்கிள்காரர்கள். எதிர்த்திசையில் வந்து மாட்டிய ஒரு கூரியர்க்காரர், இரண்டு கையையும் விட்டு ஓட்டியதற்கு மாட்டிய ஒரு பல் டாக்டர். மேஜைக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த ஒரு அதிகாரி. ஓரத்தில் நம்ம போலீஸ்காரர்.

"அந்த நேரத்துல இவர் எங்கம்மா இருந்தார்?" என்று தும்மலுக்கு நடுவில் கேட்டார் அதிகாரி.

"வீட்ல இருந்தார் சார். ஏழு மணிக்கு வந்தார். ஏழு பத்துக்கு வெங்காயம் உரிச்சார். அஞ்சு வெங்காயம்."

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"மூணு வருஷமா ஒரு நாள் தவறாம ஏழு மணிக்குத்தான் சார் வருவார். அவர் வந்தாத்தான் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு. வாசலையே பார்த்துட்டு இருப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியம் ஒத்திகையில் இல்லை. குனிந்து ஷூவைப் பார்த்தேன்.

போலீஸ்காரர் எழுந்தார். "சார், ஆள் இவர்தான். நேரம் மட்டும்தான்..."

"எழுதினதுதானே கணக்கு? நேரம் தப்புன்னா சீட்டே செல்லாது" என்று அதிகாரி ஒரு முத்திரையைக் குத்தினார். "தள்ளுபடி. அடுத்தது யாரு, பல் டாக்டரா?"

ஜெயித்துவிட்டேன்! வகுப்பு இல்லை. ஏரி தப்பியது. பெஞ்சு தப்பியது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் நான் ஜெயித்த ஒரே வழக்கு. தரையில் கால் பாவாமல் வெளியே வந்தேன்.

வராந்தாவில் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உம்மென்று நின்றிருந்தார். மனைவி நேராக அவரிடம் போனாள். குரலில் அப்படி ஒரு இரக்கம்.

"நீங்க பாவம் சார். அஞ்சே முக்காலுக்கு இவரைப் பிடிச்சிருக்கீங்க. அதைப் போய்த் தப்பா எழுதிட்டீங்களே."

"அஞ்சே முக்கால் இல்ல, அஞ்சு பத்து" என்றேன்.

ஆமாம். நான்தான் சொன்னேன். என் வாய்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரு தப்பு காதில் விழுந்தது, திருத்திவிட்டேன்.

"அதேதான்! அஞ்சு பத்து! இதைத்தானே உள்ள சொல்ல வந்தேன்" என்றார் போலீஸ்காரர், போன உயிர் திரும்பியவர் மாதிரி. மனைவி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

முதல் மாடித் திருப்பத்தில் அவளை எட்டிப் பிடித்தேன்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"சீட்டைப் பார்த்தப்பவே. ஏரிக்கரை வர வழியா? உங்க ஆபீஸுக்கு நேர் எதிர்ப்பக்கம்."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க என்னைக்கு எதைச் சொல்லியிருக்கீங்க? தப்பாச் சொன்னாத்தானே உங்க வாயிலேர்ந்து உண்மை வருது."

பதினாறு வருஷம் அவள் பேச்சில் பிழை திருத்தியவன் நான். அவள் ஒரே ஒரு முறை என்னைப் படித்தாள். முழுசாகப் படித்துவிட்டாள்.

"அங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பெஞ்சுல உக்காந்து தண்ணியைப் பார்ப்பேன். சத்தியமா அவ்வளவுதான்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"வேற ஒருத்தி இருந்தான்னாக்கூட ஒரு பாட்டம் அழுதுட்டு விட்டிருப்பேங்க. சும்மா உக்காந்திருந்தேங்கறீங்க பாருங்க, அதைத்தான் பொறுத்துக்க முடியல. மூணு வருஷம். உங்க அப்பா எண்ணுறதையும் உங்க பொண்ணு அழுறதையும் கேட்டுட்டு நான் அங்க நிக்கறேன். ஐயோ பாவம், மனுஷன் ஆபீஸ்ல கண்ணு வலிக்கப் படிச்சிட்டு இருப்பாரேன்னு நீங்க வந்ததும் வெளக்கைக்கூடக் கொஞ்சம் குறைச்சு வைப்பேன்."

அதில் திருத்துவதற்கு ஒரு எழுத்துகூட இல்லை.

"அந்தப் பெஞ்சு நல்லா இருக்குமா?" என்று கேட்டாள் கடைசியில்.

"நல்லா இருக்கும்" என்றேன்.

திங்கட்கிழமை ஐந்து இருபதுக்கு நான் வீட்டில் இருந்தேன். இருக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஹாலில் சைக்கிளின் சீட் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் தினமும் காலேஜுக்குச் சைக்கிளில்தான் போனாளாம். நான் கேட்டதில்லையாம். கேட்டதில்லைதான்.

"ஏழு மணிக்கு வந்துடுவேன். மாமாவுக்கு இருநூறு அடி. பாப்பாவுக்குப் பின்னக் கணக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அப்பாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். "ஒண்ணு... ரெண்டு..." கம்பீரமாக எண்ணினார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பது.

"நாற்பத்தொண்ணுப்பா" என்றேன்.

நின்றார். முறைத்தார். "குறுக்க பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? ஒண்ணு..."

அறுபத்திரண்டுக்குப் பிறகு அறுபத்துநான்கு வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. சொல்லிவிட்டேன். "ஒண்ணு..." என்றார். உள்ளேயிருந்து மகள், "அப்பா, மூணுல ரெண்டும் அஞ்சுல ரெண்டும் சேர்த்தா எட்டுல நாலுதானே?" என்று கத்தினாள். "இல்லடா கண்ணு!" என்று நான் திரும்பிக் கத்தினேன். "ஒண்ணு..." என்றார் அப்பா. என் மனைவி இதே வராந்தாவில் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கிறாள். அவள் நாற்பதும் நாற்பதும் கேட்டிருப்பாள், அறுபத்துநான்கும் கேட்டிருப்பாள், சிரித்துக்கொண்டே இருநூறை எட்டியிருப்பாள். நான் அன்றைக்கு நூற்றுப்பதினொன்றைத் தாண்டவில்லை. சைக்கிள் மணிச் சத்தம் எப்போது கேட்கும் என்று காது தெருவிலேயே இருந்தது.

ஒருவழியாகக் கேட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். முகம் சிவந்து, முடி கலைந்து, பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தாள். உதட்டோரம் ஒரு வேர்க்கடலைத் தோல்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வழக்கில் ஜெயித்தவன் நான். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் அவள். குறைந்தபட்சம் ஒரு தப்பையாவது பிடிக்க வேண்டாமா? கடிகாரத்தைப் பார்த்தேன். கிடைத்துவிட்டது.

"ஏழு மணின்னு சொல்லிட்டுப் போனே. இப்போ மணி ஏழு பத்து!"

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சிவப்பு விழுந்துச்சு, நின்னுட்டு வந்தேங்க. நான் மாட்டினா எனக்குச் சாட்சி சொல்ல யாரு இருக்கா?"