என் முன்னோர்களும் ஒரு மட்டக்குதிரையும்

கல்யாணம் பேசிய நாட்களில் வருங்கால மாமனாரிடம் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். எங்கள் முன்னோர்கள் காயல்பட்டினத்தில் அரபுக் குதிரை இறக்கி விற்றவர்கள், குதிரையேற்றம் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்றேன். (வாப்பாவுக்குத் திருநெல்வேலியில் ஜவுளிக்கடை. அவர் ஏறிய அதிகபட்ச உயரம், துணி அடுக்கும் ஏணி.)

2006-இல் மாமா எங்களைப் பார்க்க, அமெரிக்காவில் நாங்கள் இருந்த லிவர்மோருக்கு வந்தார். பக்கத்து மலையடியில் ஒரு குதிரைப் பண்ணை இருப்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்ளே, ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"இப்பவாவது எங்க வாப்பாட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்று என் மனைவி ஜைனப் கிசுகிசுத்தாள். நான் சொல்லவில்லை.

பண்ணையில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் மாமா 'இல்லை' என்று எழுதினார். அவர் எட்டிப் பார்த்ததால் நான் 'நிறைய' என்று எழுதினேன். அவருக்கு ஒரு சாதுவான கிழட்டுக் குதிரை கிடைத்தது. எனக்கு பீனட் என்ற முரட்டு மட்டக்குதிரை.

"இப்படிக் குதிரையில ஏறிச் சுத்துறத யாரு மொதல்ல ஆரம்பிச்சாங்கன்னு கேளுங்க மாப்ளே."

கேட்டேன். பண்ணைக்கார அம்மாள் லிண்டா சொன்னார்: வேலையில்லாத நாட்களில் பண்ணைக் குதிரைகள் சும்மா நின்று தின்றுகொண்டிருந்தன. ஊர் சுற்ற வந்தவர்கள் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். வழி குதிரைக்குத் தெரியும், மேலே இருப்பவர் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும்.

மாமா எதுவும் செய்யவில்லை. நான் செய்தேன். கடிவாளத்தை இழுத்தேன், பீனட் நின்றது. குதிகாலால் ஒரு உதை விட்டேன். அது திரும்பி, லாயத்தை நோக்கி ஓடி, தண்ணீர்த் தொட்டி முன்னால் சட்டென்று நின்று தலையைக் குனிந்தது. நான் கழுத்து வழியாக வழுக்கித் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். பீனட் கொஞ்சம் தள்ளி நின்று, நான் இல்லாத பக்கத்தில் தண்ணீர் குடித்தது.

மாமா நிதானமாக வந்து சேர்ந்தார். இறங்கவில்லை.

"அரபு நாட்டுக் குதிரையெல்லாம் கடல் வழியாத்தான வந்துச்சு, மாப்ளே?"

"ஆமா மாமா."

"அப்ப எறங்குன எடம் சரிதான்."

காரில், டவல் சுற்றிய கோலத்தில், உண்மையை ஒப்புக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே மாமா சொன்னார்: "ஒங்க வாப்பா கடையிலதான எங்களுக்கு வருசா வருசம் பெருநாளுக்குத் துணி."

அன்று பண்ணையில் ஜைனப் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம், மேலப்பாளையத்தில் மாமா வீட்டு ஹாலில் பெரிதாக்கி மாட்டப்பட்டிருக்கிறது. முன்னால் மாமா, குதிரைமேல் நிமிர்ந்து. பின்னால் ஆளில்லாத ஒரு மட்டக்குதிரை, தண்ணீர் குடிக்கிறது. தொட்டிக்குள் இருந்த நான் மாமாவின் குதிரைக்குப் பின்னால் மறைந்துவிட்டேன். அது யாருடையது என்று விருந்தாளிகள் தவறாமல் கேட்கிறார்கள்.

"அதுவா? அதுலதான் எங்க மாப்ளை போறாரு" என்கிறார் மாமா.