இன்ஜினுக்கு அடியில் அம்மாவின் திருவலை

காரைப் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்தது, சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மட்டும்தான். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். துபாயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஒப்புக்கொள்ளவில்லை. அறையில் படுத்துக்கொண்டு கார் பழுதுபார்க்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில், நானும் பாதி மெக்கானிக் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிட்டது.

லீவில் ஊருக்கு வந்தபோது தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். நெய்யூர்ப் பக்கத்துக் குடும்பம். பையனுக்குச் சென்னையில் வேலை. பையனும் அவன் அப்பா அம்மாவும் ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. பிறகு எங்கள் காரில் அவர்களைச் சித்தப்பா வீட்டுக்கும் கூட்டிப்போக வேண்டும். எங்கள் காரோ, ஸ்டார்ட் செய்தாலே குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறும். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் மவுண்ட் தேய்ந்துபோயிருந்தது. மெக்கானிக் திங்கட்கிழமை வரச் சொன்னார். (அதுவரை பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.) சம்பந்தம் பேச வருகிறவர்களை உதறுகிற காரிலா ஏற்றுவது? புது மவுண்டை வாங்கி வந்து, சனிக்கிழமை காலையில் காருக்கு அடியில் படுத்துவிட்டேன்.

ஜாக்கியை நேராக இன்ஜினுக்குக் கொடுக்கக் கூடாது, நடுவில் கனமான கட்டை வைக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கட்டை தேடினேன். அடுக்களையில் அம்மாவின் திருவலை கிடந்தது. உட்கார்ந்து தேங்காய் துருவுகிற பலாமரப் பலகை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நாக்கு. (அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது!) அதை ஜாக்கிமேல் வைத்து இன்ஜினைத் தூக்கினேன். பழைய மவுண்டைக் கழற்றினால், இரண்டாகப் பிய்ந்து கையோடு வந்தது. புதியதை வைத்தால் துளை சேரவில்லை. (நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.)

"ஏலே, திருவலைய எங்கல கொண்டுபோன?" என்று அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

"காருக்கு அடியில இருக்கும்மா."

"எடுத்துத் தால."

"எடுத்தா இன்ஜின் விழுந்திரும்."

அம்மா அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீன் குழம்புக்கும் அவியலுக்கும் தேங்காய் வேண்டும். கரண்ட் இல்லாததால் மிக்சியும் ஓடாது. துருவினால்தான் அம்மியிலாவது அரைக்கலாம். பக்கத்து வீட்டில் திருவலை கேட்கலாமே என்றேன்.

"பொண்ணு பாக்க வாறது ஊருக்கெல்லாம் தெரியணுமா? கல்யாணத்த மொடக்கதுக்குன்னே ஆளு இருக்கு."

கடைசியில் வெறும் புளி ஊற்றிய குழம்பு, பொரித்த மீன், ரசம், முட்டைக்கோஸ் வதக்கல் என்று விருந்து தயாரானது. தேங்காயில்லாத சாப்பாடு எங்கள் மாவட்டத்தில் நெஞ்சுவலிக்காரர் வீட்டில்தான் நடக்கும்.

பையனின் அப்பா குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். முட்டைக்கோஸைக் கிளறிப் பார்த்தார்.

"ஒண்ணுலயும் தேங்கா சேக்கல்லியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காட்டினார். "எல்லாம் இவனுக்க வேலையாக்கும்."

பையனின் அப்பா என்னைப் பார்த்தார். "நீ எப்பிடி அறிஞ்ச மக்களே? ஆஸ்பத்திரியில தெரிஞ்ச ஆளிருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசாமல் இருந்தேன். அதை அவர் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

"நிங்கள ஏமாத்தணும்னு நெனைக்கல்ல," என்று அப்பாவிடம் சொன்னார். "எனக்க நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. மவன் இவனுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் கழியட்டும்னு இருந்தோம். நிங்க எல்லாம் அறிஞ்சும் ஒண்ணும் கேக்காம, எனக்காகத் தேங்கா இல்லாம வச்சு வெளம்பியிருக்கீங்களே…"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "ஒடம்புதான மாமா முக்கியம்." இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பையன் சோற்றில் கையை வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பப்பா?" என்று மட்டும் கேட்டான். அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

கை கழுவ முற்றத்துக் குழாய்க்கு வந்தவர் காரைப் பார்த்தார். அடியில் திருவலையின் நாக்கு தெரிந்தது. குனிந்து பார்த்தார். என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"மக்களே, இதுக்காக்கும் நான் வாயத் தொறந்தது?"

சிரிப்பு தாங்காமல் காரைப் பிடிக்கப் போனார். "மாமா, தொடாதீங்க!" என்று கத்தினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு டாக்டர் என்று பெயர். "எனக்க நெஞ்சுல உள்ளத, காருக்கு அடியில கெடந்து கண்டுபிடிச்ச ஆளு!" என்று எந்த விசேஷத்திலும் மாமா என்னைப் பந்தியில் எழுப்பி நிறுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட மாப்பிள்ளை மட்டும் சிரிக்க மாட்டார். மாத்திரையைப் பிரித்து மாமாவின் உள்ளங்கையில் வைத்து, "முழுங்குங்கப்பா" என்பார். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.