டிகிரி அண்ணன் தெர்மோஸ்டாட் ஆன கதை

மதுரை வெயிலுக்கே காய்ச்சல் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆத்மா எங்கள் டிகிரி அண்ணன்தான்.

பட்டம் வாங்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள். பி.ஏ.வில் ஒரு பேப்பரை விட்டுவிட்டு, திரும்ப எழுத மறந்து, ஓர் ஆபீசில் கிளார்க் ஆனவர். எதைத் தொட்டாலும் அது எத்தனை டிகிரி என்று சொல்லுவார். அதனால் வந்த பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் அவரும் நானும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகும் என்று ஊர் நம்பியது.

டீக்கடையில் கிளாஸை விரலால் தொட்டதுமே, "மாப்ள, எழுபதுகூட இல்ல. சுட வச்சுக் குடு" என்று திருப்பி நீட்டுவார். கடைக்காரர் உள்ளே போய், அதே டீயை இன்னும் இரண்டு ஆற்று ஆற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். "இப்பச் சரி" என்று அண்ணன் ரசித்துக் குடிப்பார். பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்ததும், "நாப்பத்திரண்டு!" என்று அறிவிப்பார். "அது பின்னாடி வருது, எறங்குங்க" என்பார் கண்டக்டர்.

கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் ஜமீலாக்கா. கணவர் வளைகுடாவில் வேலை. லீவில் வந்தபோது அவர் வாங்கி வைத்துப்போன ஃப்ரிட்ஜ், தெருவைப் பார்த்த முன்னறையில் நின்றது. அதன் ஃப்ரீசரில் அக்கா பால் ஐஸ் போட்டு, தெருப் பிள்ளைகளுக்கு விற்பார். "உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருந்தா அவுக நெனப்பாவே இருக்குய்யா" என்றார்.

அவனியாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிச்சயதார்த்தத்துக்குப் பால் ஐஸ் கேட்டிருந்தார்கள். தெருவைத் தாண்டி அக்காவுக்கு வந்த முதல் ஆர்டர். அன்று காலை பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டுப் பார்த்தால், ஃப்ரிட்ஜ் பேச்சுமூச்சில்லாமல் நிற்கிறது.

டிகிரி அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கதவைத் திறந்தார், உள்ளே விளக்கு எரிந்தது. "உசுரு இருக்கு. கரண்டு கம்மி" என்றார். கரண்டு சரியாகவே இருந்தது. "கதவு ரப்பர் போயிருச்சு" என்றார். ரப்பர் புதுசு. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். கடைசியில் பக்கவாட்டில் ஓர் அறை விட்டார். விளக்கும் அணைந்தது.

அக்காவின் கண் கலங்கியது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு செல்லூருக்கு ஓடி, மெக்கானிக் பாண்டியைக் கூட்டிவந்தேன். அவர் முதலில் பல்பை இறுக்கினார். பிறகு குமிழைக் கழற்றி, இரண்டு ஒயர்களை ஒன்றாக முறுக்கினார். மோட்டார் உறுமியது.

"தெர்மோஸ்டாட் போச்சுக்கா. இந்தா, ஃப்ரீசருக்குள்ள போற இந்தச் சன்னக் குழாய்தேன் குளிரத் தொட்டுப் பாத்து, 'ஓடு, நில்லு'ன்னு மோட்டாருக்குச் சொல்லும். இதுக்குள்ள இருந்த கேஸ் எறங்கிருச்சு. புதுசு மெட்ராஸ்ல இருந்துதேன் வரணும். இப்போதைக்கு கரண்ட மோட்டாருக்கு நேரா குடுத்திருக்கேன், ஆனா நிப்பாட்ட ஆளில்லாம ஓடுனா மோட்டார் தாங்காது."

"தொட்டுப் பாத்துச் சொல்ற வேலைதான?" என்றார் டிகிரி அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "அதுக்குத்தானய்யா நான் இருக்கேன்!"

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சுவர் சுவிட்சில் என்னை நிறுத்தினார். ஃப்ரீசரைத் திறந்து விரலை வைப்பார். "ஆஃப்!" கொஞ்ச நேரத்தில் மறுபடி திறப்பார். "ஆன்!"

"அண்ணே, நீங்க தெறந்து தெறந்து பாத்தா எப்புடி உறையும்?" என்று அக்கா கத்தினார்.

அண்ணன் யோசித்தார். நாற்காலியை ஃப்ரிட்ஜின் பின்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மோட்டாரின் மேல் கையை வைத்தார். "நூத்தி நாலு. பாவம், ரெஸ்ட் குடு" என்றார். ஈரத்துணியால் பத்துப் போடவும் கிளம்பினார். பாண்டி பாய்ந்து பிடுங்கினார். சித்திரை வெக்கையில், மோட்டார் சூட்டில், மதியச் சோறுகூட வேண்டாம் என்று, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார் மனிதர்.

ஐஸ் உறைந்தது. கொஞ்சம் அதிகமாகவே உறைந்தது. அவனியாபுரத்தில் ஒரு பிள்ளையாலும் கடிக்க முடியவில்லை; நக்கியே தீர்த்தார்கள். அக்கா பயந்துபோய் நின்றபோது மாப்பிள்ளையின் அப்பா வந்தார். "என்னத்தா, இம்புட்டு நேரம் கரையாத ஐஸை இப்பத்தேன் பாக்கேன்! கல்யாணத்துக்கும் நீதேன் போடணும்" என்றார்.

மெட்ராஸிலிருந்து சாமான் வரும்வரை, ஆபீசுக்கு முன்னும் பின்னும் அண்ணன்தான் அந்த ஃப்ரிட்ஜுக்குத் தெர்மோஸ்டாட். பிறகு ஒருநாள் பாண்டி புதுசைப் பொருத்தினார். மோட்டார் கொஞ்சம் ஓடி, டிக்கென்று தானாகவே நின்றது. அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நல்லா வேலை செய்யுது" என்றார். மாடியேறிப் போனார். அன்று டீக்கடையில் கொடுத்த டீயை அப்படியே குடித்தார்.

அவர் மாடியேறிப் போனதை அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் சாயங்காலம் மாடிப்படியடியில் அவர் குரல் கேட்டது. "அண்ணே, செத்த எறங்கி வாங்க. மோட்டார் கொஞ்சம் சூடா இருக்காப்ல தெரியுது."

"வாரேன் தங்கச்சி, இந்தா வாரேன்!" சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு அண்ணன் இறங்கினார்.

ஃப்ரிட்ஜில் ஒரு கோளாறும் இல்லை. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை, அவர் தொட்டுப் பார்த்து, "சரியா இருக்கும்மா, பயப்படாதே" என்று சொல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் பொழுது சாயவில்லை.